தம்பியின் டம்ளர்

ஜனவரி 8

அன்புள்ள தம்பி,

நான் நலம். உன் நலத்தை, முக்கியமாக அந்த இடது காதின் நலத்தை எழுது. போன கடிதத்தில் ஏழு கேள்வி கேட்டிருந்தேன், நீ பதில் சொன்னது ஒன்றுக்கு. இன்ஜின் சத்தத்தில் காதுதான் மந்தம் என்று நினைத்தேன், கண்ணுமா? என் முழங்கால் வழக்கம்போல மழைக்கு இரண்டு நாள் முன்பே சேதி சொல்லிவிடுகிறது.

நேற்று நம் நாடகக் கொட்டகையில் மாதக் கூட்டம். புதிதாக மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள். விதிமுறையை விளக்கும் வேலை என் தலையில். இங்கே தலைவர் கிடையாது, செயலாளர் கிடையாது, சுவரில் ஆணியில் ஆளுக்கொன்றாகத் தொங்கும் டம்ளர்கள்தான் உண்டு என்று ஆரம்பித்தேன். டீ குடித்து முடித்ததும் ஒரு விஷயத்தைக் கேட்போம், சம்மதம் என்றால் டம்ளர் நிமிர்ந்து நிற்கும், சம்மதமில்லை என்றால் கவிழ்க்க வேண்டும், கவிழ்த்தவர் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும், ஒரே ஒரு டம்ளர் கவிழ்ந்தாலும் விஷயம் அடுத்த மாதத்துக்குப் போகும், அங்கேயும் கவிழ்ந்தால் அதோடு விஷயம் முடிந்தது என்றேன். புதிதாக வந்த முடிதிருத்துகிறவர், "ஒருத்தர் கவுத்தா முப்பது பேரும் நிக்கணுமா? சண்டைக்காரனுக்குக் கொண்டாட்டம்தான்!" என்றார். இத்தனை வருஷத்தில் நாலு முறைதான் கவிழ்ந்திருக்கிறது என்றேன்.

உன் டம்ளரையும் காட்டினேன். ஊரில் இல்லாதவர் கையெழுத்துப் போட்டுக் கடிதம் அனுப்பினால் அவர் டம்ளரும் மேஜைக்கு வரும், இது என் தம்பி சண்டை போட்டு வாங்கிய விதி என்று பெருமையாகச் சொன்னேன். கப்பல் தபால் வருவதற்குள் விஷயம் ஆறிவிடுகிறது என்று நீ கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போன பன்னிரண்டு வெற்றுத்தாள்களைப் பற்றிச் சொல்லவில்லை. அது நம் இருவருக்குள். மூன்று மீதம் இருக்கிறது.

இன்னொன்று. தையல்காரம்மா எழுந்து, "இந்த வருஷ நாடகத்த நான் செஞ்சு பாக்கட்டுமா?" என்று கேட்டார். ஒன்பது வருஷமாக நான்தான் நாடகம் போடுகிறேன் என்பது உனக்குத் தெரியும். வேறு யாரும் கேட்கவில்லை, நானும் விட்டுக்கொடுக்கவில்லை என்று வைத்துக்கொள். அவர் தரையில் பழுப்புக் காகிதத்தை வெட்டி வெட்டிப் பரப்பினார், சட்டைக்கு அளவுத்தாள் வெட்டுகிற மாதிரி. ஒவ்வொரு துண்டும் ஒரு காட்சியாம். தையல் கூடத்துப் பெண்கள் மிஷின் ஓட்டிக்கொண்டே சொன்ன கதைகளாம். எனக்குச் சிரிப்பு வந்தது. வேறு யாரும் சிரிக்கவில்லை. அவர் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார் என்பது உனக்கே தெரியும். பிப்ரவரி முதல் ஞாயிறு முடிவு. உன் எண்ணத்தை எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள், காதில் பஞ்சு வை.

அக்கா

*

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பி,

சுகமா? இங்கே குறை ஒன்றும் இல்லை.

கூட்டம் முடிந்தது. தையல்காரம்மாவின் விஷயம் ஒரு மாதம் தள்ளிப்போயிருக்கிறது. ஒரு டம்ளர் கவிழ்ந்தது. யாருடையது என்று எழுதி உன்னைச் சங்கடப்படுத்த வேண்டாம். என்னுடையது நிமிர்ந்துதான் இருந்தது.

கொட்டகைக் கூரை மேடைக்கு மேலேயே ஒழுகுகிறது. தச்சர் ஏறிப் பார்த்துவிட்டு, ஐஸ் தொழிற்சாலையாக இருந்தபோது உள்ளே உருகியது, இப்போது மேலே உருகுகிறது என்றார். அச்சகத்தில் பள்ளிப் பாடநூல் வேலை. நாள் முழுக்கப் பிழை திருத்திக் கண் எரிகிறது.

மற்றவை பிறகு.

அக்கா

*

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஜனவரிக் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. ஏழு கேள்வியில் மீதி ஆறுக்கும் பதில்: காது பரவாயில்லை, சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், குடிப்பதில்லை, முதுகு வலி இல்லை (பொய், கொஞ்சம் இருக்கிறது), கல்யாணம் இல்லை. போதுமா? உன் முழங்காலுக்கு அந்தத் தைலத்தைத் தேய், அலமாரியில் வைத்து அழகு பார்க்காதே.

தையல்காரம்மா நாடகம் போடப் போகிறாரா! படித்ததும் இன்ஜின் அறையில் சத்தமாகச் சிரித்துவிட்டேன், சந்தோஷத்தில். பதினாலு வருஷமாக எல்லோரையும் வேறு ஆளாக மாற்றி மேடைக்கு அனுப்பியவர் அவர். எண்ணெய் டின் தூக்கித் தூக்கி என் வலது தோள் அரை விரல் இறங்கியிருப்பதை நீ கவனித்தாயா, நான் கவனித்தேனா? அவர்தான் கண்டுபிடித்தார். இன்று வரை எனக்கு ஒழுங்காகப் பொருந்துவது அவர் வருஷா வருஷம் அனுப்பும் சட்டை மட்டும்தான். காகிதத்தில் காட்சி வெட்டுகிறார் என்றால் அது நிச்சயம் பொருந்தும்.

பழுது பார்க்க நாலு நாள் நிற்கிறோம், அதனால் வேகத் தபாலிலேயே அனுப்புகிறேன். வெற்றுத்தாளைத் தொடாதே. இத்துடன் கூட்டத்துக்கு என் கையாலேயே எழுதிய கடிதம் இருக்கிறது. முழுச் சம்மதம் என்று எழுதியிருக்கிறேன். முதல் கூட்டம் போயிருக்கும், விஷயம் முடிந்திருந்தால் அவருக்கு வாழ்த்தாகவாவது வாசித்துவிடு.

உனக்கும் ஒரு வருஷம் ஓய்வு. முன்வரிசையில் உட்கார்ந்து முறுக்கிக்கொள்ளாமல் பார்.

தம்பி

*

மார்ச் 10

அன்புள்ள தம்பி,

நலமா? முதுகு வலிக்குக் குப்புறப் படுக்காதே.

உன் கடிதம் கிடைத்தது. கூட்டத்துக்கு முன்பா, பின்பா என்று தேதி சரியாக நினைவில்லை. தையல்காரம்மாவின் விஷயம் இரண்டாவது முறையும் நின்றுபோனதால் முடிந்துவிட்டது. ஆகவே நாடகம் இந்த வருஷமும் என் தலையில்தான் விழுந்திருக்கிறது. ஓய்வு எனக்கு விதிக்கவில்லை போல.

அவர் கொஞ்ச நாளாகக் கொட்டகைப் பக்கம் வரவில்லை. கடையில் வேலை அதிகம் என்று நினைக்கிறேன். அவருடைய டம்ளரும் ஆணியில் இல்லை. கழுவ எடுத்துப் போயிருப்பார்.

கூரையைச் சரி செய்துவிட்டோம். கதவுக்கும் இன்னொரு தரம் பச்சை அடித்தாயிற்று.

அக்கா

*

ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? நான் நலம்தான், மனசுதான் ஒரு நிலையில் இல்லை.

தையல்காரம்மாவிடமிருந்து வருஷப் பொட்டலம் வந்தது. சட்டை என்று பிரித்தேன். சட்டை இல்லை. என்னுடைய அளவுத்தாள்கள் மட்டும் இருந்தன. முன்பக்கம், பின்பக்கம், கை, காலர், எல்லாம் ஒழுங்காக மடித்து நூல் கட்டியிருந்தது. வலது தோளில் அவர் போடும் அந்த அரை விரல் கோடுகூட அப்படியே இருக்கிறது. கடிதம் ஒன்றும் இல்லை. இனிமேல் உனக்குத் தைக்க மாட்டேன் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

நான் அவருக்கு என்ன செய்தேன்? இரண்டு நாளாக யோசிக்கிறேன். உன் கடிதங்களைத் திரும்ப எடுத்துப் படித்தேன். ஒரு காற்புள்ளி இடம் மாறினால் அச்சகத்தையே நிறுத்துகிறவள் நீ. நான் பிறந்த நேரத்தை நிமிஷத்தோடு சொல்கிறவள். என் கடிதம் கூட்டத்துக்கு முன்பு வந்ததா, பின்பு வந்ததா என்பது உனக்கு நினைவில்லையா?

கவிழ்ந்தது யாருடைய டம்ளர், அக்கா?

தம்பி

*

மே 30

தம்பி,

நலம் விசாரிக்கும் தகுதி இன்று எனக்கு இல்லை. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் டம்ளர்தான்.

இரண்டு வாரமாக இந்த வரியை எழுதக் கை வரவில்லை. எழுதிவிட்டேன், மீதியையும் எழுதுகிறேன். பிப்ரவரிக் கூட்டத்துக்கு முந்தின நாள் அச்சகத்தில் எல்லோரும் போன பிறகு உன் வெற்றுத்தாள் ஒன்றில் நாலு வரி தட்டச்சு செய்தேன். அதுவரைக்கும் ஒன்பது தாளில் நான் எழுதியதெல்லாம் கதவுக்கு என்ன நிறம், நாற்காலி எத்தனை என்பதுதான். நீ இருந்தால் என்ன சொல்வாயோ அதைத்தான் எழுதுகிறோம் என்று நினைத்துக்கொள்வேன். கொஞ்சம் கொஞ்சமாக, நான் என்ன சொல்கிறேனோ அதுதான் நீ சொல்வதும் என்று பழகிவிட்டது.

கூட்டத்தில் என் டம்ளரை நிமிர்த்தி வைத்தேன். பெருந்தன்மை! பிறகு உன் டம்ளரை எடுத்துக் கவிழ்த்தேன். லைட்டுக்காரர், "அட, தம்பியா? என்ன காரணமாம்?" என்றார். நான் வாசித்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவரிடம் ஒரு நாடகத்தைக் கொடுத்தால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று அதில் இருந்தது. உன் கையெழுத்துக்கு மேலே.

தையல்காரம்மா தரையில் பரப்பிய காகிதங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். "அவனா சொன்னான்?" என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன்.

இதோடு நின்றிருந்தால்கூட ஏதோ புத்தி கெட்டுப்போன ஒரு நாள் என்று சொல்லிக்கொள்ளலாம். மார்ச் கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பே உன் நிஜக் கடிதம் வந்துவிட்டது. முழுச் சம்மதம் என்று நீ எழுதியது என் கைப்பைக்குள் இருந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டுதான் இரண்டாவது பொய்க் கடிதத்தை வாசித்தேன். குரல்கூட நடுங்கவில்லை. அன்றைக்குத்தான் அவர் தன் டம்ளரை ஆணியிலிருந்து எடுத்து முந்தானையால் துடைத்துக் கொண்டுபோனார்.

ஏன் செய்தாய் என்று கேட்பாய். அவருக்கு வராது என்பதால் இல்லை. அந்தக் காகிதத் துண்டுகளை அவர் இடம் மாற்றி மாற்றி வைத்தபோது நாடகம் எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது. ஒன்பது வருஷத்தில் நான் போட்ட எதையும்விட நன்றாக இருந்தது. அதனால்தான் கவிழ்த்தேன். என் டம்ளரைக் கவிழ்த்திருந்தால் எழுந்து நின்று இந்தக் காரணத்தைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

வெட்கமாக இருக்கிறது. தையல் கடை வழியாக அச்சகத்துக்குப் போவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறேன். முழங்கால் வலிக்கிறது, வலிக்கட்டும்.

அக்கா

*

ஜூலை 4

தம்பி,

உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டாலே கையை விரிக்கிறார். கப்பல் எங்கே இருக்கிறது, உடம்புக்கு ஏதாவதா என்று பயமாகவும் இருக்கிறது.

திட்டியாவது ஒரு வரி எழுது. ஒத்திகை ஆரம்பிக்க வேண்டும் என்கிறார்கள். நடிக்கிற ஆளுக்கு உடம்பு சரியில்லை, மழை என்று சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா

*

ஜூலை 19

அக்கா,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. கப்பலும் மூழ்கவில்லை. உன் கடிதம் ஜூன் நடுவிலேயே வந்துவிட்டது. எழுதாமல் இருந்தது நான்தான்.

முதல் வாரம் உன்னை மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். இரண்டாவது வாரம் திட்டு என் பக்கம் திரும்பியது. ஊரில் இல்லாதவனுக்கும் குரல் வேண்டும் என்று மேஜையைத் தட்டி அந்த விதியை வாங்கியவன் நான். வாங்கிய கையோடு பன்னிரண்டு வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டு உன்னிடம் தள்ளிவிட்டு வந்தேன். வீட்டுச் சாவியைக் கதவிலேயே விட்டுப் போய்விட்டுத் திருட்டுப் போச்சு என்று கத்துகிறவனை என்ன சொல்வது? எட்டு வருஷத்தில் கூட்டத்தில் என்ன நடந்தது என்று ஒரு தரமாவது கேட்டேனா? என் பெயரில் என்ன வாசித்தாய் என்று கேட்டேனா? அந்த அம்மாவை நீ குத்தினாய், கத்தியைத் தீட்டி உன் கையில் கொடுத்தது நான். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

இத்துடன் கூட்டத்துக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். வெற்றுத்தாள்களைப் பற்றி, என் பங்கைப் பற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன் பங்கைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. கையெழுத்துக்குக் கீழே அரைப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். இந்த முறை அது உன் பெயரில் நிரம்பட்டும், இல்லாவிட்டால் காலியாகவே இருக்கட்டும். நான் யாருக்கும் தனியாக எழுதப் போவதில்லை, உன்னைக் காட்டிக்கொடுக்கப் போவதும் இல்லை.

அளவுத்தாள்களை அவருக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதை வைத்திருக்க எனக்குத் தகுதி இல்லை.

அந்தத் தைலத்தைத் தேய். கோபத்திலும் அது நினைவுக்கு வருகிறது, என்ன செய்ய?

தம்பி

*

ஆகஸ்ட் 6

அன்புள்ள தம்பி,

நீ நலமாக இருப்பதே இந்த மாதத்தில் எனக்குக் கிடைத்த நல்ல செய்தி. நான் இருக்கிறேன்.

கூட்டத்துக்கு முந்தின நாள் தையல் கடைக்குப் போனேன். அவர் மிஷினை நிறுத்தவில்லை. "நாளைக்குக் கொட்டகைக்கு ஒரு தரம் வாங்க, தம்பி கடிதம் வந்திருக்கு" என்றேன். "இன்னும் மிச்சம் இருக்கா அவனுக்குச் சொல்ல?" என்று கேட்டுவிட்டு ஊசிக்கு நூல் கோத்தார். அங்கேயே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொல்லவில்லை, நான் ஒரு கோழை.

ஆனால் கூட்டத்துக்கு அவர் வந்தார். உட்காரவில்லை, வாசற்படியில் நின்றார். உன் கடிதத்தை ஒரு வரி விடாமல் வாசித்தேன். காலி இடம் வந்தது. மீதி இருந்த ஒரே வெற்றுத்தாளை மேஜையில் வைத்தேன், பக்கத்தில் உன் நிஜக் கடிதத்தையும் வைத்தேன். பிறகு சொன்னேன். எல்லாவற்றையும், ஏன் என்பதையும். யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. சுவரில் அவருடைய காலி ஆணியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

முதலில் லைட்டுக்காரர், "அப்போ கதவுக்குப் பச்சைதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னதும் நீங்கதானா? நான் அன்னிக்கு நீலம் கேட்டேன்மா" என்றார். யாரோ சிரித்தார்கள், சிரித்துவிட்டு அழுதார்கள். பாட்டு டீச்சர்தான்.

தையல்காரம்மா ஒன்றே ஒன்று கேட்டார். "எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்னு அவன் சொல்லலையா?"

"இல்ல. நான்தான்."

"அவன் சொல்லலைன்னா சரி." என் பக்கம் திரும்பவில்லை.

என் இரண்டு கவிழ்ப்பும் செல்லாது என்றார்கள். நாடகம் அவருக்கு. எல்லா டம்ளரும் நிமிர்ந்தன. நடிக்கப் போகிற, எழுதப் படிக்கத் தெரியாத ஆறு பெண்களுக்கு வசனத்தை வாசித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்றார் அவர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செய்கிறேன் என்றேன்.

அதன் பிறகு லைட்டுக்காரர், நல்ல மனுஷர், "நடந்தது நடந்துபோச்சு. இதை எல்லாருமா மறந்துடுவோம், இனிமே யாரும் பேசக்கூடாது. சம்மதமா?" என்று முறைப்படி கேட்டார். ஒவ்வொரு டம்ளராக நிமிர்ந்தது. தையல்காரம்மாவுக்கு டம்ளர் இல்லையே, ஊசி குத்தாமல் இருக்க விரலில் மாட்டியிருந்த உலோகக் குப்பியைக் கழற்றி மேஜையில் கவிழ்த்து வைத்தார். காரணம் கேட்டபோது, "எனக்கு மறக்கல" என்றார்.

ஆகவே மன்னிப்பு ஒரு மாதம் தள்ளிப்போயிருக்கிறது. அடுத்த மாதமும் அவர் கவிழ்த்தால் அதோடு முடிந்தது. அவர் கவிழ்த்தால் அது நியாயம்தான். ஆனாலும் தினமும் அதை நினைத்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறேன்.

தைலம் தேய்க்கிறேன்.

அக்கா

*

செப்டம்பர் 5

தம்பிக்கு,

தையல்காரம்மா எழுதுறது. நீ சுகமா இருக்கியா. நான் சுகம். கண்ணாடி மாத்தியிருக்கேன். இது நானே எழுதுறேன், மூணு நாளா எழுதுறேன். பிழை திருத்த உங்கக்காகிட்ட குடுக்கல. இருக்கறபடி படிச்சுக்கோ.

நீ சொல்லாத வார்த்தைக்கு உன்மேல ஆறு மாசம் கோபமா இருந்துட்டேன். ஆனா வெறுந்தாள்ல கையெழுத்துப் போட்டது தப்புதான். அதுக்கான கோபம் அப்படியே இருக்கு.

ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்குப் போனேன். என் டம்ளரையும் எடுத்துட்டுப் போனேன். மறந்துடலாமான்னு லைட்டுக்காரர் மறுபடி கேட்டார். நான் நிமித்தி வச்சேன். மனசு ஆறிடுச்சுன்னு இல்ல. எத்தனை நாளுக்குத்தான் தூக்கிச் சுமக்கறது. எல்லா டம்ளரும் நிமிந்தாச்சு, முடிஞ்சுதுன்னு எல்லாரும் எந்திரிக்கப் பாத்தாங்க.

அப்போ டக்குன்னு ஒரு சத்தம். உங்கக்கா தன் டம்ளரைக் கவுத்திருந்தா. கொட்டகை தொடங்கின நாள்ல இருந்து அவ டம்ளர் கவுந்து யாரும் பாத்ததில்ல. மேஜையைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சா, முட்டி வலி. காரணம் சொல்லணும்ல. "என் பேர்ல ஒண்ணு சொல்றேன். இதை மறக்க எனக்குச் சம்மதம் இல்ல. மறந்துட்டா நான் திரும்பச் செய்வேன்" அப்படின்னா. உக்காந்துட்டா. முகம் செவந்து போயிருந்துச்சு.

ரெண்டாந்தரம் கவுந்தாச்சு. இனிமே அந்தப் பேச்சு கூட்டத்துக்கு வராது. மறக்கறதா இல்லைன்னு ஆயிடுச்சு. நான் டீ இன்னும் இருக்கான்னு கேட்டேன். அவளுக்கும் ஊத்தினேன்.

ஒத்திகை நடக்குது. அவ வாசிச்சுச் சொல்றா, பொம்பளைங்க திருப்பிச் சொல்றாங்க. வேகமாப் போனா நிறுத்தச் சொல்லுவேன், நிறுத்துவா. நேத்து ஒரு வார்த்தையில அவளே தடுக்கிட்டா. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. நான் ஊசிக்கு நூல் கோத்துக்கிட்டிருந்தேன். அவளே எழுத்துக்கூட்டிப் படிச்சு முடிச்சா.

உன் அளவுத்தாள் வந்து சேந்துச்சு. அது எட்டு வருஷத்துக்கு முந்தின அளவு. தோள் இன்னும் எறங்கியிருக்கும். கூட இருக்கறவங்களை விட்டுப் புதுசா அளவெடுத்து எழுதி அனுப்பு. வெறும் கையெழுத்தை அனுப்பாதே.

தையல்காரம்மா